குடும்பஸ்தன் எஞ்சினுக்குப் பிடித்த பேய்

ஃபார்முலா ஒன் வரலாற்றிலேயே அசுர பலம் கொண்ட எஞ்சின் எது என்று கேட்டால், ரேஸ் பைத்தியங்கள் பலரும் யோசிக்காமல் சொல்லும் பெயர் பிஎம்டபிள்யூ எம்12/13. ரகசிய லேபில் விஞ்ஞானிகள் தவமிருந்து பெற்ற பிள்ளை என்றுதானே நினைப்பீர்கள்? சாரி. அதன் அஸ்திவாரம், ஆபீஸுக்கும் மாமியார் வீட்டுக்கும் போய்வந்த ஒரு செடானின் நாலு சிலிண்டர் பிளாக்.

1959ல் பிஎம்டபிள்யூ ஏறக்குறைய போண்டி. முன்பக்கமே கதவாகத் திறக்கும் இசெட்டா என்ற குட்டிக் காரை விற்றுக் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. கம்பெனியை டெய்ம்லர்-பென்ஸிடம் தள்ளிவிடலாம் என்று டிசம்பரில் பங்குதாரர் கூட்டமே போட்டார்கள். ஆமாம், பென்ஸ்காரரிடம்! சின்னப் பங்குதாரர்கள் ரகளை செய்து அதைக் கவிழ்த்தார்கள். பிறகு ஹெர்பர்ட் குவாண்ட் பணத்தோடு வந்தார். அதற்கப்புறம் வந்த கார்தான் பிஎம்டபிள்யூ 1500. எஞ்சினைப் போட்டவர் அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹவுசன். மேலிடம் 1.3 லிட்டர் போதும் என்றது. மனிதர் கேட்கவில்லை. 1.5 லிட்டர் வைத்ததோடு, பிற்பாடு பெரிதாக்கவும் பிளாக்கில் இடம் விட்டார். அன்றைய பவர் 80 குதிரை. இந்த நம்பரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 80ஐ அசுர பலமாக்கியது டர்போ. அது கடைந்தெடுத்த கஞ்சத்தனம். எஞ்சின் வெளியே துப்புகிற சூடான புகையை மடக்கி ஒரு சக்கரத்தைச் சுற்ற வைப்பது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை சிலிண்டருக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம். ஆல்ஃபிரட் பூஷி என்ற சுவிஸ்காரர் 1905லேயே பேடன்ட் வாங்கிவிட்டார். ஒரே சிக்கல், புகை சேர்ந்து சக்கரம் வேகமெடுக்க நேரமாகும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒன்றும் நடக்காது. மிதித்ததையே மறந்துபோன நேரத்தில் முதுகில் உதை விழும்.

1973ல் 2002 டர்போ என்று ஒரு ரோட்டுக் காரை விட்டது பிஎம்டபிள்யூ. முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் நேராகப் படித்துப் பதறி வழிவிட வேண்டும் என்று, 'டர்போ' என்ற சொல்லை முன்பக்கம் ஆம்புலன்ஸ் பாணியில் திருப்பி எழுதினார்கள். என்ன ஒரு பந்தா! ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டிய அடுத்த மாதமே அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூடின. மொத்தம் விற்றது 1,672 கார்.

ஃபார்முலா ஒன்னில் அப்போது ஒரு விதி உண்டு. சாதாரண எஞ்சின் என்றால் 3 லிட்டர், டர்போ என்றால் 1.5 லிட்டர். பாதி சைஸோடு எந்தக் கிறுக்கன் வருவான்? 1977ல் ரெனோ வந்தது. அந்த மஞ்சள் கார் அடிக்கடி புகைவிட்டு நின்றதால் 'டீப்பாட்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். 1979ல் அது ஜெயித்தபோது சிரிப்பு நின்றது. எல்லோரும் டர்போ தேடி ஓடினார்கள்.

பிஎம்டபிள்யூவில் ரேஸ் எஞ்சினைப் போட்டவர் பால் ரோஷே. கேம்ஷாஃப்ட் மீது கொண்ட காதலால் பட்டப்பெயரே கேம்ஷாஃப்ட் பால். அவருடைய நம்பிக்கை விசித்திரமானது. புது பிளாக் வேண்டாம், ரோட்டில் லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிளாக்காகக் கொண்டுவா! கிறுக்கு இல்லை, காரணம் உண்டு. புது வார்ப்பிரும்புக்குள் இறுக்கம் இருக்கும். சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி அது தளர்ந்தபிறகு நெளியாது. பழகின தோசைக்கல்லை மருமகளுக்குத் தராத மாமியாரைக் கேளுங்கள், இதையேதான் சொல்வார். பிளாக்குகளை மழையிலும் பனியிலும் வெளியே போட்டுவைத்தார்கள் என்றும், அந்த வழியாகப் போன ஊழியர்கள் அவற்றின்மேல் ஒண்ணுக்குப் போய்ப் பதப்படுத்தினார்கள் என்றும் ஒரு புராணம் உண்டு. ஜெர்மன் துல்லியம் என்கிறார்களே, அது இதுதான் போல.

1982 ஜூன். டெட்ராய்ட் பந்தயத்துக்கு, பிஎம்டபிள்யூ டர்போவோடு வந்த நடப்பு உலக சாம்பியன் நெல்சன் பிக்கே தகுதியே பெறவில்லை. அவமானம். அடுத்த ஞாயிறு மான்ட்ரியலில் அதே எஞ்சினோடு முதலிடம்! ஆகஸ்டில் பிஎம்டபிள்யூவின் சொந்த மண், ஹாக்கன்ஹைம். முன்னணியில் போன பிக்கே, ஒரு சுற்று பின்தங்கிய எலிசியோ சலசார் மீது மோதி நின்றார். இறங்கிப்போய், ஹெல்மெட் போட்ட தலையில் கையால் குத்தினார். யாருக்கு வலித்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். திருப்தியாகாமல் காலாலும் ஒன்று. டிவியில் உலகமே பார்த்தது. கம்பெனி எஞ்சினைப் பிரித்தபோது, அது எப்படியும் வெடித்திருக்கும் நிலையில் இருந்ததாம். ஊர் ஜனம் முன்னால் மானத்தைக் காப்பாற்றிய சலசாருக்குக் கிடைத்த சன்மானம் உதை.

1983ன் கடைசிப் பந்தயம், தென்னாப்பிரிக்காவின் கயலாமி. டர்போவைக் கொண்டுவந்த ரெனோவின் அலென் ப்ராஸ்ட் புள்ளிகளில் முந்தி நிற்கிறார். பாதியில் அவர் கார் நின்றது. எது காலை வாரியது? டர்போதான். இரண்டே புள்ளி வித்தியாசத்தில் பிக்கே சாம்பியன், அதுவும் டர்போவில் ஜெயித்த முதல் சாம்பியன். ரெனோ என்ன செய்தது தெரியுமா? ப்ராஸ்டை வீட்டுக்கு அனுப்பியது.

பிறகு பேராசை முற்றியது. பெட்ரோல் என்ற பெயரில் ஊற்றியதில் பெரும்பங்கு டொலுயீன், அதாவது பெயின்ட் தின்னரில் கலக்கிற சரக்கு. 1986ல் தகுதிச் சுற்றுக்கென்றே தனி எஞ்சின், சில சுற்று ஓடினால் ஆயுள் முடிந்தது. காற்றழுத்தம் 5 பாருக்கு மேல். பவர் எவ்வளவு? ரோஷேவுக்கே தெரியாது! அவருடைய டைனோ 1,280 குதிரைக்கு மேல் அளக்காது. 1,400 இருக்கும் என்பது அவர் குத்துமதிப்பு. நம்ம 80 குதிரை எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

அந்த பூதத்தை வைத்து பெனட்டன் ஓட்டுநர் தியோ ஃபாபி, ஆஸ்திரியாவிலும் மான்ஸாவிலும் அடுத்தடுத்து போல் பொசிஷன் எடுத்தார். மான்ஸாவில் பந்தயத்துக்கு முந்தைய சுற்றிலேயே கார் நின்று, கடைசியிலிருந்து கிளம்பினார். வாழ்நாளில் மூன்று போல், மூன்றும் நாலு சிலிண்டர் டர்போவில். பந்தயத்தில் முன்னணியில் ஓடிய சுற்றுகள்? பூஜ்யம்.

பிஎம்டபிள்யூ மூட்டை கட்டியபின் ஆரோஸ் அணி அதே எஞ்சினை 'மெகாட்ரான்' என்று பெயர் மாற்றி ஓட்டியது. 1988 மான்ஸாவில் இரண்டு ஃபெராரிகளுக்குப் பின்னால் மூன்றாவதும் நான்காவதும் ஆரோஸ்தான். அடுத்த வருஷம் டர்போவுக்கே தடை.