ஷெட்டிலேயே நின்ற வண்டி

யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரைதான் தயாரானது. கடைசியாக வந்த வண்டிக்கே கல்யாண வயது தாண்டிவிட்டது. ஆனாலும் விற்பனைக்கு வருகிற ஒவ்வொன்றும் ‘சிங்கிள் ஓனர், ஷெட்டிலேயே நின்ற வண்டி’. ஓட்டியவர் பெரும்பாலும் ஒரு டாக்டர். இல்லையென்றால் ரிட்டயர்டு வாத்தியார். அந்தக் காலத்துக் காலேஜ் பையன்கள் எதைத்தான் முறுக்கினார்களோ!

“ஒரே கிக் பாருங்கண்ணே” என்பார் விற்பவர். சிலிண்டரைத் தொட்டால் சுடும். நாம் வருவதற்கு முன் எத்தனை கிக் வாங்கியதோ. ஓடோமீட்டர் 21,000 காட்டும்; கேபிள் அறுந்த ஆண்டைக் காட்டாது. சேஸ் நம்பரை ஆர்சி புக்கோடு ஒப்பிட டார்ச் அடித்தால் முகம் சுருங்கும்: “நம்ம மேல நம்பிக்கை இல்லையாண்ணே?” நமக்கு இருக்கிறது, ஆர்டிஓவுக்குத்தான் இல்லை.

15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்; கூடவே பசுமை வரி. எஃப்சி முடிந்துவிட்டதே என்றால், “அது சின்ன வேலைண்ணே.” அந்தச் சின்ன வேலையை நீங்களே முடித்துக் கொடுங்கள் என்றால் விலை பெரிதாகும்.

ரீபோர், செயின் செட், டயர் என்று நாம் கழித்துக்கொண்டே வருவோம். ஒரிஜினல் டேங்க், ஒரிஜினல் சைலன்சர் என்று அவர் கூட்டிக்கொண்டே போவார். கடைசியில் நியாயமான விலை கிடைப்பது இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிய மெக்கானிக்குக்கு மட்டும்தான்.