பழையன புகுதல்

ஆடை அலங்காரக் கலை பயின்று, பாரிஸ் மாநகரில் தன் நாமதேயம் பொறித்த கடையொன்றைத் திறப்பதாகச் சங்கற்பம் செய்துகொண்டிருக்கும் என் தங்கை மகள், சென்ற ஞாயிறன்று யாரோ உடுத்திக் கழித்த சட்டையொன்றை நானூறு ரூபாய்க்கு வாங்கிவந்து, விக்கிரகப் பிரதிஷ்டை செய்பவளைப் போன்ற பக்தி சிரத்தையோடு கொடியில் மாட்டினாள். காலர் மடிப்பு நைந்து வெளிறியிருந்தது. பொத்தான்களில் ஒன்று வேறு ஜாதி.

"அதுதான் மாமா இதுக்கு அழகே!"

செல்லூர்த் தெருவில் கூவிவரும் பாத்திரக்காரனிடம் ஆறு பழஞ்சேலைகளைப் போட்டு, அரைமணி நேரம் தர்க்கித்து, ஓர் எவர்சில்வர் தூக்குவாளியை வென்றெடுக்கும் பரம்பரையைச் சேர்ந்த என் தாயார் இதைச் சகிப்பாரா? "ஏண்டா, காசையும் வாங்கிக்கிட்டுப் பழசையும் தலையில கட்டியிருக்கானே, ஒரு கரண்டியாச்சும் குடுத்தானா?" என்றார்.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் எழுப்பிய புது மண்டபத்தில் தூணோரம் இயந்திரம் போட்டு, அண்மைக்காலம்வரை தைத்துவந்த தையற்காரர்களில் ஒருவரிடம் நான்கு நாள் காஜா எடுக்கக் கற்கலாமே என்றேன், முகத்தைச் சுளித்தாள். இதே மதுரையில், மேல மாசி வீதியில் தங்கியிருந்த காந்தியடிகள், 1921 செப்டம்பர் 22-ஆம் நாள், மேலாடைகளைத் துறந்து இடுப்புத் துணியோடு புறப்பட்ட சரித்திரத்தையும் விஸ்தாரமாகச் சொல்லிப் பார்த்தேன்.

கண்கள் விரியக் கேட்டவள், குறிப்பேட்டை எடுத்து, 'மினிமலிசம்' என்று எழுதி இருமுறை அடிக்கோடிட்டாள்.