மார்கழியும் மச்சமும்
குழந்தை இயேசு ஆலயத்துக்கு வியாழன்தோறும் திரளும் பக்தர்கள் குல்லாய் தரிக்குமளவுக்கு, பெங்களூரு விவேக் நகரின் மார்கழி இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது, தொட்டியில் வாசம்செய்யும் ஏஞ்சல் மீனுக்கு மட்டும் 25 டிகிரி சுகம் அவசியமாதலால், பாட்டியின் வெந்நீருக்கு யோசித்த கிருகஸ்தர் மீனுக்கு உடனே ஹீட்டர் வாங்கிவிடுகிறார்.

லிட்டருக்குச் சுமார் ஒரு வாட் போதும், நீர் மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிக் கால்மணி நேரம் பொறுக்கவேண்டும், இன்றேல் காய்ந்த கண்ணாடிக் குழாய் வெடிக்கும் என்றெல்லாம் உபதேசிக்கும் காகிதத்தைப் பரணில் பத்திரப்படுத்திவிட்டு, மின்சாரத்தை நிறுத்தாமலே நீரில் கையை விடும் அம்மகானுபாவர், தனித் தெர்மாமீட்டரையும் வீண்செலவென்று நிராகரிப்பதால், தெர்மோஸ்டாட் என்றேனும் ஒட்டிக்கொண்டால், பரம்பரைச் சைவமான அவ்வில்லத்தில் அடுப்பு மூட்டாமலே மீன்குழம்பு சித்தமாகிவிடும்.