கடக்காத பறவைகள்

பாலித் தீவின் கீழ்க்கரையிலுள்ள பாடாங்பாய் என்னும் சிற்றூரிலிருந்து லொம்போக் தீவின் லெம்பார்த் துறைக்கு இரவும் பகலும் ஓயாமல் கப்பல் விடப்படுவதாகப் பிரசித்தம். விடப்படுவது வாஸ்தவந்தான், ஆனால் நாலைந்து மணி நேரம் நகர்ந்து சென்ற கப்பல், முந்தி வந்தது இடம் காலி செய்யும் வரையில், அக்கரையைத் தரிசித்தபடியே நடுக்கடலில் தவங்கிடப்பதும் உண்டென்பதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. லாரிகளெல்லாம் கீழ்த்தட்டில் அடைபட்டு, பிரயாணிகள் மேல்தட்டில் கண்ட இடத்தில் சாய்ந்துவிட்ட பிறகும், சோற்றுப் பொட்டலம் விற்கும் அம்மாள் பேரத்தை முடித்துக் கொண்டு இறங்குவதாகக் காணோம். அவசரப்படுகிறவன் ஊருக்குப் புதியவன் என்பதை அவள் முகமே சொல்லிவிடுகிறது. வருஷத்தில் ஒரு நாள், நியெப்பி என்னும் மௌன விரதத்தன்று, துறைமுகத்தையே அடைத்துவிடுகிறார்கள். தாமதம் என்ற பேச்சுக்கு இடமில்லாத தினம் அஃதொன்றே.

1856-இல் இந்த ஜலசந்தியைக் கடந்த இயற்கை நூல் வல்லுநர் வாலஸ், பாலியில் கண்ட பறவைகளிற் பல, கண்ணுக்கெட்டும் தூரத்திலுள்ள லொம்போக்கில் இல்லாதது கண்டு அதிசயித்தார். கடலின் ஆழமே காரணம் என்பது சாஸ்திர அபிப்பிராயம். சீட்டு வாங்கும் வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கு, பறவைகளின் விவேகத்தைப் பற்றி வேறோர் அபிப்பிராயம் உண்டு.