ஸ்ரேக்ஹோல்டர்: மன்னார்க் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

மன்னார்த் தீவில் ஒருவர் ஸ்ரேக்ஹோல்டர் ஆவதற்கு ஒரு கதிரை, ஒரு பேனை, வரவு இடாப்பில் ஒரு வெற்று வரி ஆகியவை போதும். இதுவே இவ்வாய்வின் முடிவு. முடிவை முதலிலேயே சொல்வது ஆய்வு மரபுக்கு ஒவ்வாது என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஸ்ரேக்ஹோல்டர் கூட்டங்களிலும் முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டுவிடுவதால், ஆய்வுப்பொருளுக்கு ஏற்ற முறையியலையே கைக்கொண்டிருக்கிறோம்.

முதலில் வரைவிலக்கணம். அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் எட்வேர்ட் ஃப்ரீமன் 1984இல் எழுதிய நூல் இச்சொல்லை உலகெங்கும் பரப்பியது. ஒரு நிறுவனத்தின் நோக்கம் நிறைவேறுவதைப் பாதிக்கக்கூடியவர்களும், அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களும் ஸ்ரேக்ஹோல்டர்கள் என்பது அதன் சாரம். இந்த அளவுகோலைத் தலைமன்னாரிலிருந்து சிலாவத்துறை வரை பிடித்துப் பார்த்தோம். பேசாலை மீனவர் தேறினார். வங்காலைச் சதுப்பில் இறங்கும் பூநாரையும் தேறியது. அந்த இடம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம். மன்னார்க் கடைத்தெருவில் போக்குவரத்தைத் தன் விருப்பப்படி நடத்தும் கழுதை, ‘பாதிக்கக்கூடியவர்’ என்ற பிரிவில் சிறப்புச் சித்தி பெற்றது. அக்கரையிலிருந்து இரவில் வந்து வலைகளை அறுத்துப் போகும் இழுவைமடிப் படகு இரு பிரிவுகளிலும் தேறிவிட்டது. 2017இல் இலங்கை அந்தத் தொழிலைச் சட்டம் போட்டுத் தடுத்ததால் அது பாதிக்கப்பட்ட தரப்பும் அல்லவா! ஒருவரையும் வெளியே விடாத வரைவிலக்கணம் ஒருவரையும் உள்ளே விட்டதாகாது. ஆனாலும் பேராசிரியரை நோக முடியாது. அவர் எழுதியது கம்பனி முகாமையாளர்களுக்கு. அதை நானாட்டானுக்கும் முசலிக்கும் எடுத்து வந்தவர்கள் வேறு ஆட்கள்.

அடுத்து இலக்கணம். இச்சொல்லுக்கு மன்னாரில் தன்மை இடம் கிடையாது. “நான் ஒரு ஸ்ரேக்ஹோல்டர்” என்று சொல்லிக்கொண்டு எவரும் கடலுக்குப் போனதில்லை. முன்னிலையிலும் படர்க்கையிலும் மட்டுமே வரும். வெளியூர் வாகனத்தில் வந்தவர் வாயிலிருந்தே வரும். ஒருமை அரிது. வினை எப்போதும் செயப்பாட்டுவினை. காலங்களில் எதிர்காலம் உண்டு: ஸ்ரேக்ஹோல்டர்கள் கலந்தாலோசிக்கப்படுவார்கள். இறந்தகாலம் உண்டு: கலந்தாலோசிக்கப்பட்டார்கள். நிகழ்காலத்துக்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை. கலந்தாலோசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் ஒருவரை நேரில் கண்டவர் இல்லை. அந்த நேரத்தில் பட்டிஸ் பரிமாறப்பட்டுக்கொண்டிருக்கும்.

அரச சுற்றறிக்கைகளில் இச்சொல் சிலசமயம் ‘பங்குதாரர்’ என்று வரும். இதனால் வரும் சிக்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டு. “நீங்களும் இதில ஒரு பங்குதாரர்தான் ஐயா” என்று கூட்டத்தில் சொல்லப்பட்டதும், பின்வரிசைக் கிழவர் ஒருவர் எழும்பி, “அப்ப எனக்கு எத்தினை பங்கு தம்பி?” என்று கேட்டார். “பங்கு எண்டில்ல ஐயா, நீங்கள் முக்கியமான தரப்பு.” கிழவர் இருந்துவிட்டார். அவருடைய கேள்வி அறியாமையால் வந்ததன்று. அவருடைய தொழிலில் பங்கு என்றால் காசு. படகு கரைக்கு வந்தால் மண்ணெண்ணெய்ச் செலவைக் கழித்துவிட்டு, படகுக்கும் வலைக்கும் ஒன்று, போன ஆட்களுக்கு ஒன்று என்று பிரிப்பார்கள். கறிக்கு மீன் தனி. எண்ணிக் கையில் வாங்காத ஒன்றுக்கு அவர் ஊரில் பங்கு என்று பெயரில்லை.

இனி இவ்வாய்வின் கருதுகோள்: ஒருவரை எத்தனை முறை ஸ்ரேக்ஹோல்டர் என்று அழைக்கிறார்களோ, அதற்கு எதிர்விகிதத்தில் அவருடைய பங்கு அமையும். இதைச் சோதிக்க, அச்சொல் யாருடைய வாயிலும் வராத ஒரு காலத்துக்குப் போக வேண்டும். அரிப்புக்கும் மறிச்சுக்கட்டிக்கும் எதிரே கிடக்கும் முத்துச்சிப்பிப் பார்கள் அதற்கு உதவுகின்றன.

1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு சுமார் 25 இலட்சம் ரூபாய் வந்தது. அடுத்த ஆண்டு அங்கே கடமைக்கு வந்த இளம் உத்தியோகத்தர்களில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப். பிற்காலத்தில் எழுதிய நினைவு நூலில் அவர் பங்கீட்டை விவரிக்கிறார். கரைக்கு வந்ததும் ஒவ்வொரு படகின் சிப்பியையும் கொட்டு என்ற வேலியடைத்த வளவுக்குள் சுமந்து போவார்கள். அங்கே குளிகாரர்களே அதை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். உத்தியோகத்தர் வந்து இரண்டு குவியல்களைக் காட்டுவார், அவை அரசுக்கு. மிஞ்சியது குளிகாரருக்கு. எந்தக் குவியல் தமக்கு மிஞ்சும் என்று பிரிக்கிறவர்களுக்குத் தெரியாது. ஆகவே மூன்றும் ஒரே அளவாக இருக்கும். கணக்காய்வாளரும் வேண்டாம், வெளிப்படைத்தன்மை பற்றிய இருநாள் செயலமர்வும் வேண்டாம்.

இதைப் பொற்காலம் என்று இவ்வாய்வு சொல்லவில்லை. தண்ணீரில் கால் நனைக்காத அரசு மூன்றில் இரண்டை எடுத்தது. கல்லைக் கட்டி அடிக்குப் போய் மூச்சடக்கியவன் மூன்றில் ஒன்றைச் சக ஆட்களோடு பிரித்துக்கொண்டான். அதற்கும் அரை நூற்றாண்டு முந்தி அவனுக்கு நாலில் ஒன்றுதான். ஆனால் மூன்றில் ஒன்று என்பது மூன்றில் ஒன்று. சாக்கில் அள்ளலாம், சந்தையில் விற்கலாம்.

அக்காலத்தில் சுறாவுக்கும் இடமிருந்தது. அதன் வாயைக் கட்ட அரசே சம்பளம் கொடுத்துக் கடல்கட்டி என்ற மந்திரவாதியை வைத்திருந்தது. படகுகளிலிருந்தும் அவருக்குச் சிப்பி வரும். அவர் இல்லாமல் குளிகாரர் இறங்கமாட்டார்கள். 1859இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் எமர்சன் டெனன்ட், அந்தப் பரம்பரையின் அப்போதைய தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்றும், மந்திரத்தின் பலன் அதனால் குறைந்ததாக எவரும் கருதவில்லை என்றும் எழுதுகிறார். இன்றைய மொழியில் அவர் ஆலோசகர். ஒரு வேறுபாடு: சுறா கடித்தால் அவருடைய பெயர் கெடும்.

1906இல் பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு இலண்டன் கம்பனி ஒன்றின் கைக்குப் போயின. இந்த ஏற்பாட்டில் கலந்தாலோசிக்கப்படாத ஒரே தரப்பு சிப்பி. 1891க்கும் 1903க்கும் இடையே ஒரு குளிப்பும் இல்லாதபடி மறைந்திருந்த பழக்கம் அதற்கு உண்டு. நீரோட்டமும் திருக்கை போன்ற மீன்களும் குஞ்சுகளை அழித்துவிடும். 1907க்குப் பிறகு கம்பனி இருந்தவரை அது மறுபடி வரவில்லை. சில ஆண்டுகளில் கம்பனி கடையைக் கட்டியது. ஃப்ரீமனின் வரைவிலக்கணத்தை முழுமையாக நிறைவேற்றிய உயிரினம் மன்னார்க் கடலில் இதுவொன்றே.

இன்றைய சான்றுக்கு வருவோம். 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகள் திறக்கப்பட்டன. பிறகு மன்னாருக்கும் பூநகரிக்குமாக 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்தோடு இந்தியாவின் அதானி நிறுவனம் வந்தது. மன்னார் ஆயரும் சூழல் அமைப்புகளும் 2024இல் உயர் நீதிமன்றம் போனார்கள். 2025 பெப்ரவரியில் அதானி விலகியது. ஆகஸ்ட்டில் வேறு காற்றாலைகளுக்கான பாகங்கள் வந்தபோது மக்கள் வீதியில் இறங்கி மறித்தார்கள், திட்டம் ஒரு மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. கவனிக்க: கதிரையில் இருந்து கையெழுத்துப் போட்ட காலம் முழுவதும் அவர்கள் ஸ்ரேக்ஹோல்டர்கள். வீதிக்கு வந்ததும் ஆர்ப்பாட்டக்காரர்கள் ஆனார்கள். பேச்சுக்கு எடை வந்தது பெயர் மாறிய பிறகே. கருதுகோள் நிரூபணமாயிற்று.

எனவே வாசகரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் போங்கள். இடாப்பு கைக்கு வரும்போது, மொத்தம் எத்தனை குவியல், எங்களுக்கு எது என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேனையைத் திறக்க வேண்டாம். பட்டிஸைச் சாப்பிடலாம், அதற்குக் கையெழுத்துத் தேவையில்லை.