கார்க்கும் சிலிக்கானும்

1980களில் எங்கள் பெரம்பூர் வீட்டு வாசலில் அம்பாசிடர் எங்கே நிற்கும் என்பதைத் தரையே சொல்லிவிடும். என்ஜினுக்கு நேர் கீழே கருப்பாக ஒரு எண்ணெய்த் திட்டு. பார்த்தவர்கள் எல்லோரும் "சம்ப் பேக்கிங் போயிடுச்சு சார்" என்பார்கள். என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டுதான் சம்ப்; அதன் விளிம்பில் கசியாமல் அடைப்பது பேக்கிங். அப்பா உடனே ஸ்பானரை எடுக்க மாட்டார். என்ஜினின் அடிப்பக்கத்தைத் துடைத்து, ஒரு சுற்று ஓட்டி வந்து, டார்ச் அடித்துப் பார்ப்பார். டேப்பெட் கவரில் கசிந்தாலும் எண்ணெய் வழிந்து சம்ப் விளிம்புக்குத்தான் வரும். பிரீதர் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங்கையும் மீறிக் கசியும். அதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போவார்.

அங்கே கிடைத்தது கார்க் பேக்கிங். இரு பக்கத்துக்கும் நீளமாக இரண்டு துண்டுகள். மெயின் பேரிங் கேப்புகளில் பதிக்க மெல்லிய கார்க் பட்டைகள். கடையில் வெகுநாள் கிடந்த கார்க் சுருங்கிப்போய் போல்ட் துளைகளோடு பொருந்தாது. வளைத்தால் அப்பளம் போல முறியும். அப்பா அதைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, உடைந்த ஹாக்ஸா பிளேடால் பழைய பேக்கிங்கைச் சுரண்ட உட்காருவார். நான் அவசரப்பட்டால், "சுரண்டுறதுலதான்டா வேலையே இருக்கு. மாட்டுறது அஞ்சு நிமிஷம்" என்பார்.

கசிந்தால் போல்ட்டை இன்னும் இறுக்கு என்பதே அன்று தெருவில் கிடைத்த வைத்தியம். இறுக்க இறுக்க கார்க் பிதுங்கும். சம்பின் தகர விளிம்பு ஒவ்வொரு துளையைச் சுற்றியும் குழியும். இரண்டு போல்ட்டுக்கு நடுவே எண்ணெய்க்கு வழி பிறந்துவிடும். அந்தக் குழிகளை மரக்கட்டையில் வைத்துச் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தாமல் அப்பா புதுப் பேக்கிங்கைத் தொடவே மாட்டார்.

ஆனாலும் அம்பாசிடர் சொட்டியது. அந்தப் பழைய 1.5 லிட்டர் என்ஜினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும் திருகு வெட்டு மட்டும்தான். வடித்த பழைய ஆயிலைக் கரையானுக்குப் பயந்து உத்திரத்தில் பூசினோம். மிச்சம் மண்ணில் போனது.

இப்போது என்னிடம் இருக்கும் காரின் சம்ப் அலுமினியம். சென்ற மழைக்காலத்துக்கு முன் அதை வீட்டிலேயே இறக்கினேன். "இதுக்குப் பேக்கிங்கே கிடையாதாப்பா?" என்று கேட்டாள் பக்கத்தில் நின்ற மகள். கிடையாது, ஒரு டியூப் சிலிக்கான்தான். ஹாக்ஸா பிளேடுக்கும் இங்கே வேலையில்லை. அலுமினியத்தில் விழும் ஒரு கீறலே கசிவுக்குப் போதும் என்பதால் பிளாஸ்டிக் சுரண்டிதான். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்த பிறகு, சுமார் 3 மி.மீ. பருமனில், போல்ட் துளைகளுக்கு உட்புறமாக, அறுபடாத ஒரே கோடாகச் சிலிக்கானைப் போட வேண்டும். காற்றின் ஈரத்தில்தான் அது இறுகும். சென்னைக் காற்றில் சீக்கிரமே தோல் கட்டிவிடும் என்பதால் உடனே சம்பைத் தூக்கிவிட வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மாறி மாறி, மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கினால் போதும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகே ஆயில்.

கார்க்கைவிட இது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சிலிக்கானை அள்ளிப் பூசுபவர்களைப் பார்த்தால் பதறுகிறது. உள்பக்கம் பிதுங்கும் துணுக்குகள் பிய்ந்து, ஆயில் உறிஞ்சும் ஸ்டிரெய்னரை அடைத்தால் பேரிங்குகள் எண்ணெயின்றித் தேயும். கசிவை நிறுத்தப் போய் என்ஜினையே இழக்க நேரும்.

வீட்டில் செய்ய நினைப்பவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.