பகல் பள்ளியும் ராத்திரிப் பள்ளியும்

1991-இல் எங்கள் ஊரில் ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிக்கூடம் நடந்தது. பகலில் நாங்கள், ராத்திரியில் எங்கள் அப்பத்தாக்கள். சுவரும் கரும்பலகையும் ஒன்றுதான். படிப்புதான் வேறு மாதிரி நடந்தது.

காலையில் எங்களைப் பள்ளிக்குக் கிளப்ப வீட்டுக்கு ஓர் ஆள் தனியாக வேண்டும். திங்கட்கிழமைதோறும் தவறாமல் வயிற்றுவலி வரும். ராத்திரியில் அப்பத்தாவைத் தடுத்து நிறுத்தத்தான் ஆள் இல்லை. நாளெல்லாம் நடவு நட்டுவிட்டு, ஐயாவுக்குச் சோற்றைப் போட்டதும் போடாததுமாகச் சிலேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும்.

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தையே உலுக்கிக்கொண்டிருந்த நேரம். கலெக்டர் ஷீலாராணி சுங்கத் முன்னால் நின்றார். சம்பளம் இல்லாத தொண்டர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

பகல் பள்ளியில் எங்களுக்குத் தெரிந்த ஒரே சந்தேகம், "சார், இது பரீட்சைக்கு வருமா?" வராது என்றால் பேனாவை மூடிவிடுவோம். அப்பத்தாவுக்கோ பஸ் போர்டு படிக்க வேண்டும், அடகுச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்க வேண்டும். வரிசையாகப் போகப் பொறுமை இல்லை. சொல்லிக்கொடுக்க வந்த அக்காவிடம், "ஆத்தா, மொதல்ல வட்டியக் காட்டு. அணில அப்பறம் பாத்துக்கலாம்" என்றது. அப்படித்தான் எங்கள் வீட்டில் அகரத்துக்கு முன்பே வகரம் நுழைந்தது.

இந்தப் புதுக்கோட்டையில்தான், மகாராஜா கல்லூரியில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார் முத்துலட்சுமி; பிறகு சென்னையில் டாக்டருக்குப் படித்து 1912-இல் பட்டம் வாங்கினார். எங்கள் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார வைத்தும் சிலருக்குக் கரும்பலகை கண்ணில் படவில்லை.

அப்புறம் சைக்கிள் வந்தது. அறிவொளியோடு சைக்கிளும் பழகலாம் என்றதும் கல்குவாரிப் பெண்கள், நர்சுகள், டீச்சர்கள் என்று கிளம்பிவிட்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதனாலென்ன என்று பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் வசதி. பத்திரிகையாளர் பி. சாய்நாத் வந்து பார்த்து எழுதியபோது, மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகியிருந்தார்கள்.

அதில் எங்கள் சித்தியும் ஒருத்தி. கண்மாய்க் கரையில் விழுந்து முழங்கை சிராய்த்தது. செயினில் மாட்டிப் புடவை கிழிந்தது. ஊரே சிரித்தது. மறுநாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி ஏறினாள்.

அதே வாரம் என் அண்ணன் ஒரு அல்ஜீப்ரா கணக்குத் தப்பாகப் போனதும், "எனக்குக் கணக்கு வராது" என்று தனக்குத்தானே ஆயுள் தண்டனை விதித்துக்கொண்டான்.

"எத்தன தடவடா விழுந்த?" என்றாள் சித்தி.

"ஒரு தடவ."

சித்தி முழங்கைக்கு மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவ்வளவுதான்.

1992-இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். ஊர் கொண்டாடியது. கவலைப்பட்டவர்கள் எங்கள் தெருப் பிள்ளைகள்தான். அதுவரை ரேங்க் கார்டில் சிவப்பு மையில் இருப்பதெல்லாம் விசேஷ மார்க் என்று விளக்கம் சொல்லி, நிம்மதியாகக் கைநாட்டு வாங்கி வந்தவர்கள் நாங்கள்.

அப்பா சிங்கப்பூரில் இருந்ததால் எங்கள் வீட்டில் கையெழுத்து அதிகாரம் அப்பத்தாவிடம். அந்த அரையாண்டில் அண்ணன் பழக்கதோஷத்தில் மைப்பெட்டியோடு போய் நின்றான். அப்பத்தா அதை ஒதுக்கிவிட்டுக் கார்டை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தது. விரலை வைத்து, "க... ண... க்... கு" என்று கூட்டியது. விரல் அப்படியே வலப்பக்கம் நகர்ந்து சிவப்பு மையில் நின்றது. அண்ணன் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான்.

"இருடா, இன்னும் அறிவியல் இருக்கு" என்றது அப்பத்தா.